வைகாசி முழுமதியும் அமுதசுரபியும்

திங்கள் நிறைந்த நாளை அறநாளாகக் கொண்டு நோன்பிருத்தலும், அறங்கேட்டலும், உள்ளத்தை ஒருநிலைப்படுத்தித் தியானத்தில் அமர்தலும் பௌத்தரின் தொன்றுதொட்ட வழக்கங்களாம். முழுமதி நாள்கள் எல்லாவற்றுள்ளும் வைகாசித் திங்களில் வருவது தலைமை வாய்ந்தது. புத்தர் பிறந்ததும், போதி மரத்தடியில் மெய்யறிவு பெற்றதும், பரிநிருவாணம் எய்தியதும் அந்நாளிலேயே எனத் தேரவாத பௌத்தர் நம்புவர். இந்நாளின் உட்பொருள் யாது என்னும் வினாவிற்கு வடநாட்டு நூல்களும் ஈழத்து நூல்களும் விடை கூறுகின்றன. தமிழுக்கே உரிய விடை ஒன்றும் உண்டு. அது மணிமேகலையில் உள்ளது. அவ்விடையை ஆராய்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் காரணமாய் அமைந்தது மாணவர் ஒருவரின் வினாவாகும். அவர் திருப்பூரை அடுத்த முதலிபாளையத்திலிருந்து வந்து முதுகலை பயில்பவர். பின்னலாடைத் தொழிற்கூடங்கள் நிறைந்த அவ்வூரில் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் வாழ்கின்றனர். வைகாசி விசாகத்தன்று தம் வீட்டார் முருகனுக்கு வழிபாடு ஆற்றிக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டில் குடியிருந்த கயைப் பக்கத்துத் தொழிலாளர், தம் ஊரில் அது புத்த பூர்ணிமை நாள் என்று கூறினாராம். 'இந்நாள் உண்மையில் யாருக்கு உரியது?' என்று மாணவர் வினவினார். வினா எளியது, விடை அத்துணை எளிதன்று. காலக் கணக்கு, சமய வரலாறு, காப்பியப் பொருள் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கியே விடை காண்டல் வேண்டும்.

1. காப்பியம் குறிக்கும் நாள்

மணிமேகலா தெய்வம் மணிமேகலையைப் புகார் நகரத்து உவவனத்தினின்றும் எடுத்துச் சென்று, தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத் தீவில் வைத்தது. ஆங்குப் புத்த பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்ந்த மணிமேகலை, பின்னர்த் தீவதிலகையைச் சந்திக்கின்றாள். அத்தீவிலுள்ள கோமுகிப் பொய்கையில் அமுதசுரபி என்னும் பாத்திரம் ஆண்டுக்கு ஒரு நாளே மேலெழுந்து தோன்றும் என்றும், அந்நாள் இந்நாளே என்றும் தீவதிலகை அறிவிக்கின்றாள். பாத்திரம் பெற்ற காதை என்னும் பதினோராம் காதையில் இச்செய்தி கூறப்படுகிறது.

நாளை ஆசிரியர் நேரே பெயர் சொல்லிக் கூறினாரல்லர். வானநூல் முறையால் குறிப்பாகக் காட்டினார். ஞாயிறு இடப இராசியில் நிற்கும் காலம் என்பது வைகாசித் திங்களைச் சுட்டும். பதின்மூன்று நாண்மீன்கள் கழிந்தபின் நடுவில் நிற்கும் நாண்மீன் என்பது விசாகத்தைச் சுட்டும். இக்காலத்து வழக்கப்படி அசுவினியை முதலாக வைத்து எண்ணின் விசாகம் பதினாறாவதாக வரும், கணக்கு ஒவ்வாது. கார்த்திகையை முதலாக வைத்து எண்ணின், அதற்கு முன்னர்ப் பதின்மூன்றும் பின்னர்ப் பதின்மூன்றுமாக, இருபத்தேழு நாண்மீன்களின் நேர் நடுவில் விசாகம் அமையும். வேத நூல்கள் நாண்மீன் வரிசையைக் கார்த்திகை முதலாகவே எண்ணுகின்றன. ஆகவே மணிமேகலை ஆசிரியர் பழைய எண்ணுமுறை ஒன்றைக் கையாண்டார் என்பது தெளிவு. அந்நாள் புத்தரோடு பொருந்திய நாள் என்பதையும் காப்பியமே உரைக்கின்றது. ஆகலின் அமுதசுரபி தோன்றும் நாளைப் பௌத்த உலகம் போற்றும் வைகாசி முழுமதி நாளெனக் கொள்ளுதல் பொருந்தும்.

இந்நாட் குறிப்பு ஆசிரியர் தாமே தெரிந்து அமைத்தது எனக் கருதுதற்கு மற்றொரு சான்றும் உண்டு. பீடிகையின் பொருட்டு நாகநாட்டு அரசர் இருவர் போரிட்டதும், புத்தர் அவரைத் தணித்து அறமுரைத்ததும் மணிமேகலையிற் காணப்படுகின்றன. ஈழத்து மகாவமிசமும் மணியாசனத்தின் பொருட்டு மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர் பூசலிட்ட கதையைக் கூறும். ஆயின் நாகதீபத்துக்குப் புத்தர் சென்ற அந்நாள் சித்திரைத் திங்களின் தேய்பிறை உபோசத நாள் என்பது மகாவமிசத்தின் கூற்று. அந்நூல் வைகாசி முழுமதியோடு பொருத்துவது கல்யாணிக்குப் புத்தர் சென்ற மூன்றாம் வருகையையே. இருநூல்களுக்கும் பீடிகைக் கதை பொதுவாயினும், அத்தீவில் ஒரு பொய்கையை அமைத்து அதிலெழும் பாத்திரத்தை வைகாசி முழுமதியோடு பிணைத்தது தமிழ்க் காப்பியமே. இப்பிணைப்பின் நோக்கம் யாதென்பதே ஆராயத்தக்கது.

2. உவாநாளின் வரலாறு

முழுமதி நாளையும் மறைமதி நாளையும் தமிழர் 'உவா' என வழங்கினர். சங்க நூல்களிலும் 'உவவு' என்னும் சொல் முழுமதி நாளைக் குறித்து வருகின்றது. வடநாட்டில் வேத வேள்வி செய்வோர் உவாநாள்களில் வேள்வி ஆற்றுதலும், அதற்கு முன்னாளில் உண்ணா நோன்பு இருத்தலும் வழக்கமாயிருந்தன. அந்நோன்பு நாளின் பெயரே பாலியில் உபோசதம் என்றாயிற்று. ஆகவே பௌத்தம் இந்நாளைப் புதிதாகப் படைக்கவில்லை. முன்னரே இருந்த நாளுக்குப் புதுப்பொருள் தந்தது.

அப்புதுப்பொருள் எவ்வாறு உருவாயிற்று என்பதை விநய பிடகத்து மகாவக்கம் சுவைபடக் கூறுகின்றது. பிற சமயத் துறவியர் எட்டாம் நாளிலும், பதினான்காம் நாளிலும், பதினைந்தாம் நாளிலும் கூடி அறமுரைத்து மக்களின் அன்பைப் பெறுவதை மகத மன்னன் பிம்பிசாரன் கண்டான். புத்தரின் துறவியரும் அங்ஙனம் கூடுதல் நன்றென வேண்டினான். புத்தர் இசைந்தார். துறவியர் கூடினர், ஆயின் ஒன்றும் பேசாது வாளா அமர்ந்திருந்தனர். அறங்கேட்க வந்த மக்கள், இவர் ஊமை விலங்குகளைப் போல் இருக்கின்றனரே என்று பழித்தனர். அதன் பின்னரே அந்நாள்களில் அறமுரைக்க வேண்டும் எனப் புத்தர் விதித்தார். பாதிமோக்கம் என்னும் ஒழுக்க விதிகளை ஓதிக் குறைகளை வெளிப்படுத்தும் வழக்கமும் பின்னர் அமைந்தது.

இக்கதையால் பெறப்படுவது யாது? தியானம் பௌத்த நெறியின் உயிர்நிலை என்பதில் ஐயமில்லை. எனினும் உவாநாள் துறவியர் தமக்குத் தாமே அமைதியில் அமர்ந்திருத்தற்கு மட்டும் உரிய நாளன்று. தம்மை நாடி வந்தோர்க்கு ஒன்றைத் தருதற்கும் உரிய நாள். மகாவக்கத்தில் தரப்படுவது அறவுரை. மணிமேகலையில் தரப்படுவது உணவு. இவ்வேறுபாடு சிறிதன்று.

3. பாத்திரம் கை புகுந்த காரணம்

அமுதசுரபி கோமுகிப் பொய்கைக்கு வந்த வரலாற்றை அறவணவடிகள் மணிமேகலைக்கு எடுத்துரைக்கின்றார். வேள்விக்கென நிறுத்திய பசுவைக் காத்தமையால் ஊராரால் வெறுக்கப்பட்ட ஆபுத்திரன், மதுரைக்குச் சென்று இரந்து பெற்ற உணவைக் குருடர்க்கும் முடவர்க்கும் பிறர்க்கும் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்தான். சிந்தாதேவி அவனுக்குக் குறையாத பாத்திரத்தை அளித்தாள். பின்னர் இந்திரன் நாடெங்கும் மழைவளம் பெருகச் செய்தான். உணவு வேண்டி வருவோர் இலராயினர். மழையின்றி வாடும் சாவக நாட்டிற்குச் செல்லக் கப்பலேறிய ஆபுத்திரன், இடைவழியில் மணிபல்லவத்தில் தனியே விடப்பட்டான். ஆளில்லாத தீவில் பலரை ஊட்டும் பாத்திரத்தை வைத்துக்கொண்டு தன் ஒருவன் வயிற்றை நிரப்ப அவன் மனம் ஒருப்படவில்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

அவன் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டபோது இரண்டு கூற்றுகளை மொழிந்தான். ஆண்டுக்கு ஒரு நாள் மேலே தோன்றுக என்பது ஒன்று. அருளறம் பூண்டு உயிர்களைக் காப்போர் உளராயின் அவர் கையிற் சேர்க என்பது மற்றொன்று. முன்னது காலத்தைப் பற்றியது. பின்னது தகுதியைப் பற்றியது. காலம் வந்தால் பாத்திரம் மேலெழும். தகுதி உடையார் இலராயின் மீண்டும் நீருள் அமிழும். ஆபுத்திரன் மறுபிறப்பில் சாவக நாட்டில் புண்ணியராசனாய்ப் பிறந்து அரசாளும் அளவு காலம் கழிந்தது என்பது காப்பியத்தாலேயே அறியப்படும். அவ்வாண்டுகளில் வைகாசி முழுமதி தவறாமல் வந்திருக்கும். அமுதசுரபியும் தவறாமல் தோன்றியிருக்கும். ஏற்கும் கைதான் இல்லை. மணிமேகலை வந்த ஆண்டிலேயே நாளும் தகுதியும் ஒன்றுபட்டன.

இதுவே வைகாசி முழுமதி பற்றி மணிமேகலை உணர்த்தும் பொருள் என்பது எம் கருத்து. புனித நாள் வாய்ப்பைத் தரும், தகுதியைத் தாராது. நாளின் சிறப்பால் மட்டும் ஒருவர் பயன் பெறுதல் இயலாது. வானத்து மதி எல்லார்க்கும் ஒருபடித்தாய் நிறைகின்றது. அந்நிறைவு ஒருவர் வாழ்வில் பயனாவது அவரிடத்துள்ள அருளைப் பொறுத்தது.

மணிமேகலை அத்தகுதியைப் பெற்ற வகையும் கருதத்தக்கது. பாத்திரம் பெறுதற்கு முன்னர் அவளுக்கு இரண்டு பேறுகள் வாய்த்தன. பீடிகையைத் தொழுது முற்பிறப்பை உணர்ந்தது ஒன்று. மணிமேகலா தெய்வத்திடம் மூன்று மந்திரங்களைப் பெற்றது மற்றொன்று. வேற்றுருக் கொள்ளுதலும், வான்வழிச் செல்லுதலும், பசியை நீக்குதலும் அம்மந்திரங்களின் பயன்களாம். தன் பசியைத் தீர்த்துக்கொள்ளும் ஆற்றல் பெற்ற ஒருத்தியிடமே பிறர் பசி தீர்க்கும் பாத்திரம் வந்து சேர்கின்றது என்னும் முறைவைப்பு நோக்கத்தக்கது. தனக்கென வேண்டாதவள் ஆதலின் அவள் கையிலுள்ள பாத்திரம் பிறர்க்கே பயன்படும். உபோசத நாளில் இல்லறத்தார் எட்டு ஒழுக்கங்களை மேற்கொண்டு நண்பகலுக்குப் பின் உண்ணாதிருத்தல் பௌத்த மரபு. தான் உண்ணாமையும் பிறரை உண்பித்தலும் ஆகிய இரண்டும் சேர்ந்தே அந்நாளின் நோன்பு முழுமையுறும் என்பதைக் காப்பியம் கதையாக்கிக் காட்டியது எனலாம்.

தீவதிலகையின் அறிவுரையும் இக்கருத்தையே வலியுறுத்தும். பசி குடிப்பிறப்பையும் கல்வியையும் நாணையும் அழிக்கும் பாவி என அவள் விளக்குகின்றாள். கைம்மாறு செய்யும் ஆற்றலுடையார்க்கு ஈதல் வாணிகமேயாகும் என்றும், ஆற்றாதாரின் பசியைக் களைவதே உண்மை அறம் என்றும் அவள் கூறும் பகுதி, வைகாசி முழுமதி நாளில் நிகழ்ந்த அறவுரையாகும் என்பதை மறத்தலாகாது. மகதத்தில் துறவியர்க்கு விதிக்கப்பட்ட உவாநாட் கடமையை மணிபல்லவத்தில் காவல் தெய்வப் பெண் ஒருத்தி ஆற்றுகின்றாள்.

4. தியானத்தின் இடம்

இங்ஙனமாயின், மணிமேகலை ஆசிரியர் தியானத்தைப் புறக்கணித்தாரோ எனின், இல்லை. இறுதிக் காதையாகிய முப்பதாம் காதையில் பன்னிரு நிதானங்களையும் நால்வகை வாய்மையையும் உரைத்தபின், மூவகைக் குற்றங்களை நீக்கும் வழிகள் கூறப்படுகின்றன. நிலையாமை, துன்பம், ஆன்மா இன்மை, தூய்மையின்மை ஆகியவற்றைத் தனித்திருந்து எண்ணிப் பற்றை அறுத்தல் வேண்டும். மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றால் வெகுளியை நீக்குதல் வேண்டும். கேள்வி, சிந்தனை, பாவனை, தரிசனை ஆகியவற்றால் மயக்கத்தைக் களைதல் வேண்டும். கேட்டறிதல், எண்ணியறிதல், பயின்றறிதல் எனப் பாலி நூல்கள் கூறும் அறிவு வகை மூன்றும் தமிழில் இடம்பெற்றமை இதனால் விளங்கும்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. பாலி நூல்கள் பிரமவிகாரம் நான்கு என்று கூறும். மைத்திரி, கருணை, முதிதை என்பவற்றோடு உபேக்கை என்னும் நடுவுநிலையும் ஆங்கு எண்ணப்படும். மணிமேகலை முதல் மூன்றையே எடுத்துரைக்கின்றது. வெகுளியை நீக்குதலே அவ்விடத்துக் கருதியது ஆகலின் மூன்றே போதும் என அமைதி கூறலாம். எனினும் அம்மூன்றும் பிறர் நலத்தையும் துன்பத்தையும் இன்பத்தையும் தன்னவாகக் கருதும் மனநிலைகள் என்பது நோக்கத்தக்கது. பிறரை நோக்கிய உளநிலைகளை மட்டும் எடுத்துக்கொண்டமை, ஊணீயும் அறத்தைத் தலைமையாகக் கொண்ட காப்பியத்தின் போக்கிற்கு முற்றும் இயைவதாகும்.

காதைகளின் முறையும் இதனையே காட்டும். பதினோராம் காதையில் பாத்திரம். பதினாறாம் காதையில் ஆதிரையிடம் பெற்ற முதற் பிச்சை. பதினேழாம் காதையில் காயசண்டிகையின் யானைத்தீ என்னும் பெரும்பசி தணிதல். பத்தொன்பதாம் காதையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாதல். இருபத்தெட்டாம் காதையில் வறங்கூர்ந்த காஞ்சியில் உயிர்களை ஊட்டுதல். அதன் பின்னரே தருமங் கேட்டலும் நோன்பு பூணுதலும். கருணை என்னும் பாவனையை மனத்தில் பயிலுமுன் கையால் பயின்றவள் மணிமேகலை. முழுமதி நாளில் பெற்ற பாத்திரம் அவளுக்குத் தியானத்தின் தடையாகாமல் அதன் முதற்படியாய் அமைந்தது.

5. தமிழகத்தில் முழுமதி விழா

காப்பியம் கூறும் நாளைத் தமிழ்ப் பௌத்தர் நடைமுறையிலும் விழாவாகக் கொண்டாடினரோ என்பது அடுத்து எழும் வினா. தமிழகக் கடற்கரையில் பௌத்தப் பள்ளிகள் இருந்தமைக்குச் சான்று மிகுதி. புத்ததத்தர் காவிரிப்பட்டினத்துப் பள்ளியில் தங்கிப் பாலி நூல் இயற்றினார். 1960களில் காவிரிப்பூம்பட்டினத்தைச் சார்ந்த பல்லவனீச்சரத்தில் நடந்த அகழாய்வில் பௌத்த விகாரத்தின் கட்டடப் பகுதிகளும் கல்லில் செதுக்கிய புத்த பாதமும் வெளிப்பட்டன. மணிமேகலை கூறும் பாத பீடிகை வழிபாடு புலவரின் கற்பனை அன்று என்பதற்கு இக்கல் கண்கூடான சான்றாகும். நாகப்பட்டினத்தில் முதல் இராசராசன் காலத்தில் சீவிசய அரசன் பெயரால் எழுந்த சூளாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. 1856 முதலாக அந்நகரில் 350 அளவில் பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றன் பீடத்திலுள்ள தமிழ் எழுத்து, அத்திருமேனி அக்கசாலைப் பெரும்பள்ளி ஆழ்வார் கோயிலில் திருவிழாக் காலத்து எழுந்தருளச் செய்தற்கு உரியது எனக் குறிக்கின்றது. ஈண்டு ஆழ்வார் என்றது புத்தரை. தமிழ்ப் பௌத்தர் புத்தரை வீதியுலாக் கொண்டு விழாவெடுத்தனர் என்பது இதனால் ஐயமின்றிப் பெறப்படும்.

தமிழகத்தில் அவ்வழக்கு மறைந்தபின்னும் கடலுக்கு அப்பால் அது தொடர்ந்தது. ஆங்கில ஆட்சிக்கு உட்பட்டிருந்த இலங்கையில் 1885இல் வைகாசி முழுமதி பொது விடுமுறை நாளாயிற்று. 1966 முதல் 1971 வரை அந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறாகப் போயா நாள்களே ஓய்வு நாள்களாயிருந்தன. 1999இல் ஐக்கிய நாடுகள் அவை இந்நாளுக்கு ஏற்பளித்தது. இலங்கையில் இன்றும் அந்நாளில் வெள்ளுடை அணிந்த மக்கள் விகாரங்களில் எட்டு ஒழுக்கம் பூண்டு, நண்பகலுக்குப் பின் உண்ணாது, தியானத்திலும் அறங்கேட்டலிலும் பொழுது கழிக்கின்றனர். அதே நாளில் தெருவோரங்களில் 'தன்சல்' என்னும் தானசாலைகள் அமைத்து, சாதி சமயம் கேளாது வழிச்செல்வோர்க்கெல்லாம் சோறும் நீரும் வழங்குகின்றனர். உள்ளே உண்ணா நோன்பும் வெளியே ஊணீகையும் ஒரே நாளில் நிகழும் இக்காட்சி, மணிபல்லவத்துப் பொய்கைக் கரையில் நாம் கண்டதனோடு ஒத்திருத்தல் வியப்பிற்குரியது.

தமிழகத்திலும் இந்நாளைப் பற்றிய நினைவு மீண்டும் எழுந்தது. 1898இல் உ. வே. சாமிநாதையரின் மணிமேகலைப் பதிப்பு வெளிவந்தது. அதே ஆண்டில் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஏட்டிலிருந்த பௌத்தத்தைக் கற்றோர் அறியச் செய்தது முன்னது; வீழ்த்தப்பட்ட மக்களின் வாழ்வில் அதனை மீண்டும் நெறியாக்க முயன்றது பின்னது. தமிழர் விழாக்கள் பலவற்றின் அடியிலும் பௌத்தம் உண்டென அயோத்திதாசர் வாதிட்டார். அவ்வாதத்தை வரலாற்று மாணவர் புறந்தள்ளுதலும் ஆகாது; ஆராயாது ஏற்றலும் ஆகாது.

6. விசாகம் யாருக்கு உரியது?

இனி மாணவரின் வினாவிற்கு வருவோம். வைகாசி விசாகம் முருகனுக்கு உரிய நாள். நம்மாழ்வார் தோன்றிய நாளும் அதுவே. புத்தருக்கும் அந்நாள் உரித்து. நாண்மீன் ஒன்றாயிருத்தல் கொண்டு ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரின் விழாவைக் கவர்ந்தனர் என்று முடிவு கட்டுதல் தவறாகும். இடபத்தில் ஞாயிறு நிற்க, அதற்கு எதிரே விசாகத்தில் மதி நிறைதல் ஆண்டுதோறும் மக்கள் கண்ணாற் கண்ட வான் நிகழ்ச்சி. விசாகமும் முழுமதியும் ஒருநாளிற் கூடாத ஆண்டுகளும் உண்டு. அவ்வாண்டுகளில் விசாகத்தைக் கொள்வோரும் முழுமதியைக் கொள்வோரும் வெவ்வேறு நாளிலேயே விழாக் கொள்வர். ஒன்று நாண்மீனால் அமைந்த விழா. மற்றொன்று மதி நிறைவால் அமைந்த விழா. இரண்டும் தனித்தனி வேரும் உடையனவாகலாம்.

கொங்கு நாட்டில் கண்கூடாகக் காணும் பழைய புறச்சமயச் சுவடுகள் விசயமங்கலத்திலும் அரச்சலூரிலும் உள்ளவை போன்ற சமணச் சார்பினவே. முதலிபாளையத்துக்குப் புத்த பூர்ணிமையைக் கொண்டு வந்தவை கல்வெட்டோ செப்பேடோ அல்ல. வேலை தேடித் தொலைவினின்று வந்த ஒரு தொழிலாளரின் நினைவு. புத்தர் மெய்யறிவு பெற்ற கயையின் பக்கத்திலிருந்து வந்தவர் அவர். அயல் ஊரில் தனித்து உழைத்து உண்பவருக்கு அந்நாள் யாருக்கு உரியது என்னும் வழக்கினும், அந்நாளில் அடுத்த வீட்டார் தம்மை உண்ண அழைப்பரோ என்பதே பெரிதாயிருத்தல் கூடும்.

மணிமேகலை அதற்கு விடை கூறியுள்ளது. நாள் எச்சமயத்தார்க்கு உரியது என்று அமுதசுரபி வினவவில்லை; அருளுடைய கை எது என்றே தேடிற்று. மாணவரிடம் யாம் கூறிய விடையும் இதுவே. அவ்வாண்டு விசாகத்து வழிபாடு முடிந்தபின் தம் வீட்டார் அத்தொழிலாளரை அழைத்து உடன் அமர்த்தி உணவு படைத்தனர் என்று அவர் அப்பொழுதுதான் சொன்னார். வினாவிற்கு விடை அவர் வீட்டிலேயே முன்னர் அளிக்கப்பட்டிருந்தது. காப்பியத்தில் அதற்குரிய சான்றைக் காட்டியதே யாம் செய்த பணி.